எத்தனை சுற்று திரும்ப வேண்டும்

புந்தா ஹாகுவா
அக்டோபர், ஞாயிறு இரவு

அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து மன்னித்துவிடு. ஊர் ஜெனரேட்டரை அணைத்து வெகு நேரமாகிவிட்டது. மெழுகுவர்த்தியை டம்ளருக்குள் நிறுத்தியிருக்கிறேன். குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். படுக்க வைத்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அதனால் தோளில் சாய்த்தபடியே, உன் டொமினோப் பலகையை மடியில் வைத்து எழுதுகிறேன்.

ஃபுல்வியாவின் சரக்குப் படகு விடியற்காலக் கடலேற்றத்தில் வடக்கே கிளம்புகிறது. ஹாக்கேவரைக்கும் போகிறாளாம். அங்கிருந்து பனாமா நகரத்துக்குப் போகிறவர்கள் யார் கையிலாவது கொடுத்து உன்னிடம் சேர்க்கப் பார்க்கிறேன் என்றாள். சாயங்காலம்தான் சொன்னாள். அதற்குப் பிறகு குழந்தைக்கு ஆவி பிடித்து, பால் கொடுத்து, நடந்து, நடந்து, இப்போதுதான் கை ஒழிந்தது. இதற்கு முன் எழுதிய கடிதங்கள் உனக்குக் கிடைத்தனவா என்று எனக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததையே மறுபடி சொன்னால் பொறுத்துக்கொள்.

அத்தை நலம். முழங்கால் மட்டும் மழை வருவதை முந்திக்கொண்டு அறிவிக்கிறது. பழையபடி சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைத்துக்கொண்டு டொமினோவில் ஏமாற்றுகிறார். கேட்டால் கண் மங்கிவிட்டது என்கிறார். ஆனால் எதிரில் இருப்பவள் கையில் என்ன கட்டை இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. சமையலறைக் கூரை ஒழுகியது, உன் தம்பி லெய்சன் தகரம் போட்டான். நான் மறுபடி டீச்சர் வேலைக்குப் போகிறேன். பாடம் நடக்கும்போது பாதிக் காது ஜன்னலுக்கு வெளியே, நம் வீட்டுப் பக்கம்தான் இருக்கிறது.

சுலெய்மாவுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் வந்திருக்கிறது. நெற்றி உன்னுடையது. கோபமும் உன்னுடையதுதான், வேண்டாத கஞ்சியை வாயில் வைத்திருந்து, நாம் அசந்த நேரம் பார்த்துத் துப்புகிறாள். எவ்வளவு அழுதாலும் கடலில் நம் நாற்பது மோட்டாரின் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். ஊரில் எத்தனையோ பதினைந்துகள் போகின்றன, வருகின்றன. அவற்றுக்கெல்லாம் தலையைக்கூடத் திருப்பமாட்டாள். நாற்பது குதிரைசக்தி மோட்டாரை அடையாளம் கண்டுகொள்ளும் குழந்தை இந்தக் கரையிலேயே இவள் ஒருத்திதான் என்று அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். வயிற்றில் இருந்தபோது நீ தினமும் கேட்க வைத்த சத்தம் அல்லவா.

அவள் இதயத்தில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று சோலானோ ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். உதடு நீலமாகும்போதெல்லாம் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். சின்னப் பையன்தான் அந்த டாக்டர், மெதெயினிலிருந்து வந்தவர். குழந்தையின் மார்பில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நீ ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பாயே, அந்த முகம். எனக்கு உன் நினைவு வந்து, அவர் சொன்ன முதல் இரண்டு வாக்கியங்கள் காதில் விழவில்லை.

சரி, மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

போன ஆண்டு மாதா ஊர்வலத்தில் நம் நாற்பது கக்கிய புகையில் கார்மென் மாதாவின் வெள்ளை மேலங்கி சாம்பல் பூத்துப் போனதும், பெண்களெல்லாம் உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டியதும் உனக்கு நினைவிருக்கும். நீ சிரித்துக்கொண்டே, "படகுக்காரங்க மாதாதானே, புகை பழகித்தான் இருக்கும்" என்றாய். இந்த ஜூலையிலும் மாதாவை நம் படகில்தான் ஏற்றினார்கள். மேலங்கியில் ஒரு பொட்டுக் கரி விழாது என்று லெய்சன் கோயில் வாசலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவன் இரண்டு வேலை செய்தான். பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலைக் குறைத்தான். பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஊசியை உள்ளே திருகினான். எண்ணெய் குறைந்ததால் புகை போயிற்று. பெட்ரோல் குறைந்ததால் மோட்டார் துள்ளிக்கொண்டு ஓடியது.

ஊர்வலம் அற்புதமாக நடந்தது. மாதா பனிபோல வெள்ளையாகக் கரை இறங்கினார். கன்னத்தைக் கிள்ளாத பெண் இல்லை லெய்சனுக்கு. அண்ணனைவிடத் தம்பி கைகாரன் என்று கடைத்தெருவில் பேசினார்கள். அதற்குப் பிறகு அவன் எதையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. பெட்ரோலும் மிச்சம், வேகமும் கூடுதல், பேரும் கிடைத்திருக்கிறது, எவன் மாற்றுவான்?

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. உன் கையில் அது தொண்டை கட்டின கிழவர் மாதிரி கரகரவென்று பேசிக்கொண்டு போகும். இப்போது மெலிந்து, கூர்மையாகி, பல்லில் நூல் இழுப்பதுபோல் இருந்தது. லெய்சனிடம் சொன்னேன். "அண்ணி, கிப்தோ காலேஜுல மோட்டார் ஓட்டவா சொல்லிக் குடுத்தாங்க? நீங்க பிள்ளைங்களுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுங்க, கடலை நாங்க பாத்துக்கறோம்" என்று சிரித்தான். அத்தையிடம் சொன்னேன். குழந்தை பெற்றவளுக்குக் காது அப்படித்தான், எல்லாச் சத்தமும் அழுகையாகக் கேட்கும் என்றார். எனக்கும் அப்படித்தானோ என்று தோன்றிவிட்டது.

இதற்கு நடுவில் சுலெய்மாவின் பால் புட்டி காணாமல் போயிற்று. பெரிய புட்டி, நான் சோலானோவில் வாங்கினது. வீடெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் படகில் கண்டுபிடித்தேன். உள்ளே நீல எண்ணெய். நீயும் அளவுக்குப் பால் புட்டிதானே வைத்திருந்தாய், நமக்குக் குழந்தை வருவதற்கு எவ்வளவோ முன்னால். கடையில் அதை வாங்கப் போனபோது நான் வெட்கப்பட்டு வெளியிலேயே நின்றது நினைவிருக்கிறதா? ஒரு கேன் பெட்ரோலுக்கு ஒன்றரைப் புட்டி எண்ணெய் என்பது உன் அளவு. லெய்சன் ஒரு புட்டியோடு நிறுத்தியிருந்தான். கேட்டதற்கு, இந்த எண்ணெய் புதுசு, கெட்டி, கொஞ்சம் போதும் என்றான். அன்றிலிருந்து கலப்பதை நானே செய்கிறேன். புட்டியில் என் சிவப்பு நகப் பாலிஷால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எண்ணெயை ஊற்றி, கேனை மூடி, இரண்டு கையாலும் ஆட்டி, நுரை அடங்கும்வரை நின்று பார்க்கிறேன். அது ஒன்றுதான் என் கையில் இருந்தது. ஊசி என் கையில் இல்லை.

போன மாதக் கடைசியில் ஒரு நாள் மதியம் அத்தை பள்ளிக்கூடத்துக்கே ஆள் அனுப்பினார். ஓடி வந்து பார்த்தால் சுலெய்மாவின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. நான் துணியைக்கூட மாற்றவில்லை. லெய்சன் அதற்குள் படகைத் தள்ளிவிட்டிருந்தான். அதில் அவனைக் குறை சொல்லவே முடியாது. இவள் விஷயத்தில் அவன் ஒரு நிமிஷம் தாமதித்ததில்லை.

முகத்துவாரத்தைத் தாண்டித் தெற்கே திரும்பினோம். முனைப் பாறை வரைக்கும் சரியாகத்தான் போனது. பாறையைத் தாண்டியதும் நாற்பதின் குரல் ஏற ஆரம்பித்தது. ஏறி, ஏறி, அத்தனை கரகரப்பும் போய், கண்ணாடி மாதிரி ஆயிற்று. லெய்சன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "கேளுங்க அண்ணி, பாடுது."

நீ ஒருமுறை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய்: மோட்டார் பாட ஆரம்பித்தால் உடனே வேகத்தைக் குறைத்துவிடு, அது பாட்டில்லை, ஒப்பாரி என்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு முனகல், ஒரு குலுக்கல், அவ்வளவுதான்.

நடுக்கடலில் மோட்டார் நின்றால் எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்பது உனக்குத் தெரியும். அந்த அமைதியில் என் குழந்தையின் மூச்சு கேட்டது. கீச், கீச் என்று, கதவுக் கீல் மாதிரி. அதுவரை மோட்டார் சத்தம் அதை மறைத்து வைத்திருந்தது.

லெய்சன் கயிற்றை இழுத்தான். அசையவே இல்லை. சிமென்ட் போட்டுப் பூசின மாதிரி இறுகியிருந்தது. சூட்டைத் தணிக்கக் கடல் தண்ணீரை அள்ளி மேலே ஊற்றப் போனான். ஊற்றினால் வெடித்துவிடும் என்று கத்தி, அவன் கையிலிருந்த டப்பாவைத் தட்டிவிட்டேன். பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அது தானாகக் குளிர வேண்டும். அவன் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தான். நீரோட்டம் எங்களைப் பாறைப் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. நான் குழந்தையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஜெபங்கள் எல்லாம் தீர்ந்து, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெருக்கல் வாய்ப்பாட்டை ஆரம்பித்திருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஒருவழியாகக் கயிறு நகர்ந்தது. மோட்டார் எடுத்துக்கொண்டது. சோக்கைப் பாதி இழுத்து வைக்கச் சொன்னேன். பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை நான் அமுக்க ஆரம்பித்தேன். அந்த ஊசி வழியாகப் போகாத பெட்ரோலைக் கையால் அமுக்கியாவது உள்ளே அனுப்ப வேண்டும் என்று எண்ணம். சோலானோ வரும்வரை ஒரு கை ரப்பர் பந்தில், ஒரு கை குழந்தை முதுகில். இரண்டையும் ஒரே தாளத்தில் அமுக்கிக்கொண்டிருந்தேன். எதற்கு எது என்று கடைசியில் எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மூச்சு கொடுத்தார்கள். உதடு மெல்ல மெல்லச் சிவந்தது. டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். நவம்பரில் காலி நகரத்திலிருந்து இதய டாக்டர் ஒருவர் சோலானோ வருகிறார். அவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். அவர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் விமானத்தில் காலிக்கு அனுப்பி ஆபரேஷன் செய்ய முடியும். அவர் மறுபடி எப்போது வருவார் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடி மூடித் திறந்தார். "அடுத்த தடவைன்னு ஒண்ணு வெச்சுக்காதீங்கம்மா" என்றார்.

அங்கேயே தங்கிவிட்டால் என்ன என்று நீ கேட்பாய். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, அங்கே எனக்கு யாரையும் தெரியாது, கையில் ஈர உடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய் ஏற்பாடு செய்துகொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் தங்கை சோலானோவில் இடம் தருகிறேன் என்றிருக்கிறாள். போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், டாக்டர் வரும்வரை அங்கேயே இருந்துவிடுவேன். ஒரே ஒரு தடவை போய்ச் சேர வேண்டும். ஆனால் மழை ஆரம்பித்துவிட்டது. முகத்துவாரத்தில் அலை எழும்பி நிற்கிறது. பதினைந்துகள் எதுவும் இனி டிசம்பர்வரை முனையைத் தாண்டாது. ஃபுல்வியா வடக்கே மட்டும்தான் போவாள். நாற்பதுதான் போக வேண்டும்.

நாற்பதின் நிலைமை இதுதான். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது லெய்சன் அதை மெக்கானிக் அதால்பெர்தோவிடம் கொண்டுபோனான். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டு அனுப்பினார். பிஸ்டனில் நீளநீளமாகக் கீறல். நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். இன்னும் ஒரு தடவை சூட்டில் பிடித்துக்கொண்டால் வழித்து எறிய வேண்டியதுதான் என்றார். பிறகு அந்த ஊசியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அதன் முனையை நீ அரத்தால் ராவியிருக்கிறாயாமே.

"முழுக்க உள்ள முட்ற வரைக்கும் திருகிட்டு, அங்கேருந்து இத்தனை சுத்து வெளிய திருப்பணும்னு ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு கணக்கு இருக்கும்மா. இதுக்கு அந்தக் கணக்கு செல்லாது. இது உன் புருஷன் கையால ராவின ஊசி. உப்பு எவ்வளவுன்னு சொல்லாத சமையக்காரி மாதிரி அவன் ஆக்கி வெச்சிட்டுப் போயிருக்கான். எத்தனை சுத்து திரும்பணும்னு அவனைத்தான் கேக்கணும்" என்றார்.

லெய்சனைக் கேட்டார். மாதாவுக்காக உள்ளே திருகியபோது எவ்வளவு திருகினான் என்று. லெய்சன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். எண்ணவில்லை. கேட்டுக் கேட்டுத் திருகினானாம்.

ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் முழு பாரத்தோடு, முழு வேகத்தில், கடலில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும், குறைவுக்கும் கூடுதலுக்கும் நடுவே இருக்கும் இடம் மிகச் சின்னது, கீறின பிஸ்டன் அந்தப் பரீட்சையைத் தாங்காது என்றார். ஊசியை நிறையவே வெளியே திருப்பி வைத்து எங்களை அனுப்பினார். பெட்ரோல் கூடுதலாகப் போனால் எரியாது, புகையும். ஆனால் பிஸ்டன் சாகாது என்பது அவர் கணக்கு. புகைத்துக்கொண்டே வந்தோம். நம் முகத்துவாரத்தில், அலைக்காக வேகத்தைக் குறைத்தபோது, ப்ளக் நனைந்து மோட்டார் அணைந்தது. படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. ஒரு அலை உள்ளே ஏறி என் மடிவரை நிரப்பியது. குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றேன். லெய்சன் கடலில் குதித்து முதுகால் தள்ளினான். எப்படிக் கரை சேர்ந்தோம் என்று என்னைக் கேட்காதே.

ஆக, குறைத்தால் முனையில் பிடித்துக்கொள்கிறது. கூட்டினால் முகத்துவாரத்தில் மூச்சுத் திணறுகிறது. நடுவில் எங்கேயோ உன் இடம் இருக்கிறது. அதை நாங்கள் யாரும் கண்டுபிடிக்க முடியவில்லை.

லெய்சன் இப்போது வீட்டுக்குச் சாப்பிடக்கூட வருவதில்லை. படகிலேயே படுத்துக்கொள்கிறான். நான்தான் பொரித்த வாழைக்காயும் மீனும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "நான் மாதாவோட அங்கியத்தானே அண்ணி நெனச்சேன்" என்கிறான். நான் கோபப்படவில்லை. அவனை நீயும் கோபிக்காதே.

இந்தக் கரையில் எந்தப் படகுக்காரனும் தன் ஊசியின் கணக்கை வாய்விட்டுச் சொல்லமாட்டான் என்பது எனக்குத் தெரியும். சொன்னவனை விட்டு மோட்டார் போய்விடும் என்பார்கள். நீ கிளம்புவதற்கு முதல் நாள் நான் கேட்டேன், நீ இல்லாதபோது மோட்டார் மக்கர் செய்தால் என்ன செய்வது, கணக்கைச் சொல்லிவிட்டுப் போ என்று. நீ பெட்ரோல் மணக்கும் கையோடு வந்து என் வயிற்றில் காதை வைத்தாய். "உன்கிட்ட சொன்னா நாளைக்கே பள்ளிக்கூடத்துக் கரும்பலகைல எழுதிப் போட்டுடுவே. நான் இவகிட்ட சொல்லிட்டுப் போறேன். இவதான் வாயத் திறக்கமாட்டா" என்றாய். பிறகு வயிற்றில் வாயை வைத்து ஏதோ முணுமுணுத்தாய். உன் தாடி குத்திக் கூசியது. நான் சிரித்துக்கொண்டிருந்ததில் ஒன்றும் கேட்கவில்லை.

தெரிந்தவளுக்குப் பேசத் தெரியாது. பேசத் தெரிந்தவன் எழுதுவதில்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. சுலெய்மா காலையில் எழுந்து உட்கார்ந்து, தெளிவாக, "தோ, தோ" என்றாள். வயிற்றில் சொன்ன கதை ஊருக்கே தெரியும். நான்தான் உன்னை வழியனுப்பிய கையோடு சொல்லிச் சிரித்திருந்தேனே. அத்தை சுருட்டைக் கீழே போட்டுவிட்டார். "தோஸ்னுதாண்டி சொல்றா! ரெண்டு! அப்பன் சொன்னதைச் சொல்லிட்டா!" என்று கடற்கரைக்கு ஓடினார். அந்த முழங்காலோடு. லெய்சன் ஊசியை முட்டவிட்டு, நிதானமாக எண்ணி, இரண்டு சுற்று திருப்பினான். சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கயிற்றை இழுத்தான். மோட்டார் ஒரு இருமல் இருமியது. மறுபடி இழுக்க இழுக்க அதுவும் இல்லை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் பக்கத்து வீட்டுக் கோழியைக் காட்டி "தோ, தோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும், யாரும் இல்லாதபோது, அவள் வாயருகே காதை வைத்துப் பார்த்தேன். படித்தவள் செய்கிற காரியமா இது?

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது சோலானோ தொலைபேசி அலுவலகத்திலிருந்து, நீ கொடுத்திருந்த பனாமா படகுத்துறை எண்ணுக்குப் பேசினேன். ஒருவர் எடுத்தார். அப்படி ஒருவர் இப்போது இங்கே வேலை செய்யவில்லை என்றார். எப்போதிலிருந்து என்று கேட்பதற்குள் கம்பி அறுந்துவிட்டது. மறுபடி போட்டபோது யாரும் எடுக்கவில்லை.

ஃபுல்வியாவிடமும் உன்னைப் பற்றிக் கேட்டேன். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. "நல்லாத்தான் இருக்கான்னு கேள்விம்மா" என்றாள். நல்லா இருந்தால் சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இதிலும் கேட்கப்போவதில்லை.

என்ன எழுதுவது என்று தெரியாமல் முதலில் வெகு நேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் இருட்டில் படுத்தபடி சொன்னார்: "ஆம்பளைங்க வீட்ட மறப்பாங்க, பெத்தவளக்கூட மறப்பாங்க. மோட்டார மட்டும் மறக்கமாட்டாங்க. நீ மோட்டாரப் பத்தி எழுது." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிகிறது. அதனால்தான் மோட்டாரைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்குப் பதில் வேறு யாராவது பிரித்துப் படிக்கலாம். அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கும் இரண்டு வரி எழுதிவிடுகிறேன். அம்மா, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். உங்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இதைக் கிழித்துப் போடும் முன்பு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நாற்பதின் ஊசி எத்தனை சுற்று என்று. அவர் சொல்வதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்பிவிடுங்கள். அவர் பேர், உங்கள் பேர் எதுவும் வேண்டாம். உங்களுக்குக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

எவாரிஸ்தோ, மெழுகுவர்த்தி டம்ளரின் அடிக்கு வந்துவிட்டது. ஏற்றம் தொடங்கிவிட்டது, வீட்டின் மரக்கால்களில் தண்ணீர் மோதுவது கேட்கிறது. உன் மகள் தோளில் சூடாகத் தூங்குகிறாள். இப்போது உதடு சிவப்பாகத்தான் இருக்கிறது. அவள் பேசும்வரை என்னால் காத்திருக்க முடியும். அவளால் முடியாது.

நீ எங்கே இருந்தாலும் கார்மென் மாதா உன்னைத் தண்ணீரிலும் கரையிலும் காக்கட்டும். ஃபுல்வியா சரக்கு ஏற்றும்வரை ஹாக்கேயில்தான் இருப்பாள்; பதிலை அவளிடம் கொடுத்தால் வந்துவிடும். நீளமாக எழுத வேண்டாம். வேறு எதைப் பற்றியும் எழுத வேண்டாம். எத்தனை சுற்று திரும்ப வேண்டும் என்று மட்டும் சொல். அரைச் சுற்றானாலும் பரவாயில்லை, காலே கால் ஆனாலும் பரவாயில்லை. திரும்பவே வேண்டாம் என்பதுதான் உன் கணக்கு என்றால், அதையாவது எழுது.

சீக்கிரம் பதில் போடு.

நாஸ்லி